கூடாரமும் லயமும்

வகுப்பறையில் மங்கோலிய நாட்டு மேய்ச்சல் மக்களைப் பற்றிய பாடம். மந்தைகளின் பின்னே புல்லும் நீரும் தேடிச் செல்லும் நாடோடிகள் அவர்கள், நிலைத்த வீடற்றவர்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்தாள். கேகாலைப் பகுதி இறப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டும் தாயின் மகள் அவள்.

“அந்தக் கூடாரம் யாருக்குச் சொந்தம் சேர்?”

அதில் வாழும் குடும்பத்துக்கே சொந்தம் என்றேன்.

“அப்ப அவங்களுக்கு வீடு இருக்குதானே. பிறகு ஏன் வீடில்லாதவங்கன்னு சொல்றீங்க?”

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. உழுது பயிரிட்டு ஓரிடத்தில் தங்கிய சமுதாயங்கள், அவ்வாறு தங்காத சமுதாயங்களைத் தம் அளவுகோல் கொண்டே அளந்து வந்திருக்கின்றன. ஓரிடத்தில் அசையாது நிற்பதே வீடு என்பது அந்த அளவுகோல். அதனை அப்படியே ஏற்றுக்கொண்டால், நான்கைந்து தலைமுறையாக ஒரே மலைச்சரிவில் ஒரே சுவர்களுக்கிடையில் வாழ்ந்துவரும் நம் தோட்டத் தொழிலாளர் வீடுடையோர் ஆவர். கோடையில் ஓரிடத்திலும் குளிர்காலத்தில் வேறோரிடத்திலும் தங்கும் மங்கோலிய ஆயர் வீடற்றோர் ஆவர். உண்மை இதற்கு நேர்மாறானது என்பதை அச்சிறுமி எந்த நூலையும் கல்லாமலே உணர்ந்திருந்தாள். இவ்விரு வகை இருப்பிடங்களின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போமானால், அவளுக்கு நான் தரவேண்டிய விடை தெளிவாகும்.

1. புல்வெளியின் வீடு

மங்கோலியர் தம் இருப்பிடத்தைக் ‘கெர்’ என்பர். உலகம் அதனை ‘யுர்ட்’ என்னும் துருக்கியச் சொல்லால் அறியும். துருக்கி மொழியில் அச்சொல் இன்றும் தாயகத்தைக் குறிப்பது கவனிக்கத்தக்கது. நாடோடிக்குத் தாயகமும் இருப்பிடமும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன.

கெர் எனப்படுவது வட்டமான கூடாரம். மெல்லிய மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தோல்வாரினால் பிணைத்த தட்டிகளே அதன் சுவர். இழுத்தால் விரியும், தள்ளினால் மடங்கும். இத்தகைய தட்டிகள் சிலவற்றை வட்டமாக இணைத்து, வாயிற்கதவை நிறுத்தி, நடுவில் இரு தூண்கள் தாங்கும் மரவளையம் ஒன்றை உயர்த்துவர். வளையத்திலிருந்து சுவர்வரை சுற்றிலும் கழிகள் இறங்கும். அவற்றின் மேல் கம்பளிப் போர்வை. இக்கம்பளி தறியில் நெய்யப்படுவதன்று. ஆட்டுமயிரை அடித்துப் பரப்பி, நீர் தெளித்துச் சுருட்டி, குதிரையின் பின்னே கட்டி உருட்டி உருட்டி இறுகச் செய்வது. இக்கூடாரத்தைப் பிரித்து மீண்டும் நிறுத்த ஓரிரு மணி நேரம் போதும். ஒரு குடும்பத்தின் கைகளே அதற்குப் போதும்.

வாயில் தெற்கு நோக்கும். வாயிலுக்கு எதிரே வடபுறம் மூத்தோருக்கும் விருந்தினருக்கும் உரிய இடம். மேற்கே ஆடவர் பொருள்களும் சேணமும். கிழக்கே பெண்டிர் பொருள்களும் சமையற்கலங்களும். நட்டநடுவே அடுப்பு. அதற்கு நேர்மேலே திறந்திருக்கும் மரவளையத்தின் வழியே புகை வெளியேறும், கதிரொளி உள்ளே வரும். அவ்வொளி எந்தக் கழியின்மேல் விழுகிறது என்பதைக் கொண்டு பொழுதறிவதும் உண்டு. இவ்வளையத்தின் உருவத்தைக் கிர்கிஸ் நாடு தன் தேசியக் கொடியிலும், கசக்ஸ்தான் தன் அரச இலச்சினையிலும் பொறித்திருக்கின்றன. கெர் அமைக்கும் கைவினையை 2013-ல் யுனெஸ்கோ மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

மகனுக்கு மணமுடித்தால் அவன் பெற்றோர் புதிய கூடாரம் ஒன்றை அமைத்துத் தருவது மரபு. பெற்றோரின் அடுப்புக்கு இளைய மகன் உரியவன். குடும்பம் பெருகினால் சுவருக்கு இன்னும் ஒரு தட்டி சேர்த்து வட்டத்தை அகலமாக்கலாம். ஐந்து தட்டிகள் கொண்ட சாதாரணக் குடும்பத்துக் கெர் குறுக்கே ஏறத்தாழ 18 அடி முதல் 20 அடி வரை இருக்கும். இந்த அளவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1253-ல் மங்கோலியப் பேரரசரைக் காணப் புறப்பட்ட உருப்ரக் ஊர் வில்லியம் என்னும் பிளாண்டர்ஸ் நாட்டுத் துறவி, பிரபுக்களின் கூடாரங்கள் பிரிக்கப்படாமல் அப்படியே பெருவண்டிகளில் ஏற்றிச் செல்லப்படுவதைக் கண்டு வியந்து எழுதினார். ஒரு வண்டியை இழுக்க 22 மாடுகளை அவர் எண்ணினார்.

திபெத்திய மேட்டுநில ஆயர் ‘துரோக்பா’ எனப்படுவர். அவர்தம் கூடாரம் வேறு வகையானது. கவரிமாவின் நீண்ட கருமயிரைத் திரித்துப் பெண்கள் சிறு தறியில் நீளமான துணிப்பட்டைகளாக நெய்வர். பட்டைகளைத் தைத்து இணைத்தால் கறுப்புக் கூடாரம் உருவாகும். உள்ளே சில கம்பங்கள். வெளியே நாற்புறமும் கயிறுகள் குத்துக்கழிகளின்மேல் ஏறி நிலத்தில் இறங்கும். தொலைவிலிருந்து பார்ப்போருக்குப் பெருஞ்சிலந்தி ஒன்று காலூன்றி நிற்பதுபோல் தோன்றும். மழையில் நனையுந்தோறும் மயிரிழை தடித்து நெருங்குவதால் நீர் உட்புகுவதில்லை. நைந்த பட்டையைக் கழற்றிவிட்டு அவ்வப்போது புதுப் பட்டையைத் தைத்துச் சேர்ப்பர். பாட்டி நெய்த பட்டையின் அருகே பேர்த்தி நெய்த பட்டை நிற்க, கூடாரம் ஒருபோதும் முற்றாகப் பழமையடைவதில்லை.

இவற்றைச் சொல்வது நாடோடி வாழ்வைப் பொன்னுலகமாகக் காட்டுவதற்கன்று. மங்கோலியப் புல்வெளியில் ‘சுட்’ எனப்படும் கொடுங்குளிர் வந்தால் மந்தைகள் மடியும். 2009-10 குளிர்காலத்தில் மட்டும் பல இலட்சக்கணக்கான கால்நடைகள் மாண்டன. எண்ணற்ற குடும்பங்கள் ஒரே பருவத்தில் ஏழைகளாயின. பழைய மங்கோலியாவில் ஆயர்கள் இளவரசர்களுக்கும் மடாலயங்களுக்கும் கட்டுப்பட்டு ஊழியம் செய்தனர். 1921 புரட்சிதான் அக்கட்டுகளை அறுக்கத் தொடங்கியது. திபெத்திய ஆயரும் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் வரி செலுத்தியவரே. சுரண்டல் அங்கும் இருந்தது. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது: உழைப்பைச் சுரண்டிய பிரபுவும், ஆயன் தன் மனைவி மக்களோடு உறங்கும் கம்பளிச் சுவரைத் தன் சுவரென்று சொல்லவில்லை. அதனை அமைத்தவன் ஆயன், அளந்தவன் ஆயன், பிரிப்பவனும் நிறுத்துபவனும் அவனே.

2. பருவத்துக்கு வந்தவனின் கொட்டில்

இனி நம் மலைகளுக்குத் திரும்புவோம்.

1820களில் கண்டிப் பகுதியில் ஆங்கிலேயர் கோப்பிப் பயிரைத் தொடங்கினர். 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவை என்றாக்கியது. சிங்களக் குடியானவரின் மேய்ச்சல் நிலமும் சேனை நிலமும் இவ்வாறு தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்கு உழைப்பாளர் தமிழகத்திலிருந்து வந்தனர். திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சமும் சாதிக் கொடுமையும் நிலவுடைமையும் துரத்தியவர்கள் அவர்கள். படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடே மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தவர் எண்ணற்றோர். 2023-ல், அந்த வருகையின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் மேற்கொண்ட நடைபயணம் அதே பாதையின் நினைவே.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களிலேதான் பெருந்தொகையானோர் வேண்டும். ஆகவே தொழிலாளரிற் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்தனர். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். கோப்பிக் காலத்துத் தொழிலாளியே மெய்யான பருவ நாடோடி. வந்து தங்கிச் செல்பவனுக்குத் தோட்டத்துரை ஒரு கொட்டிலைப் போட்டுக் கொடுத்தார். மண்சுவர், புற்கூரை, ஒரே வரிசையில் பல அறைகள். ‘லைன்’ என்று ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். தொழிலாளர் நாவில் அது லயம் ஆயிற்று, லயன் ஆயிற்று. குதிரைகளைக் கட்டும் லாயத்தின் நினைவை அச்சொல் இன்றும் தமிழ்ச்செவிக்குத் தருவதில் வியப்பில்லை, வடிவமும் அதுவே.

1869-ல் கோப்பி இலைகளில் ஒருவகைப் பூஞ்சண நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. அதற்கு முன்பே, 1867-ல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். 1876-ல் பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக வந்த இறப்பர் நாற்றுகள் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேர்விட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகளை இறப்பர் மரங்கள் மூடின. சபரகமுவாவின் தோட்டத் தமிழ் வாழ்வு இப்படித்தான் பரந்தது.

இங்கே ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். பால் ஆண்டின் பெரும்பகுதியும் வடியும். பருவத்துக்கு வருபவன் இனிப் போதாது; குடும்பத்தோடு நிலையாகத் தங்குபவன் வேண்டும். பெண் கொழுந்தெடுக்க வேண்டும், ஆண் கவ்வாத்து வெட்டவேண்டும், பிள்ளைகள் வளர்ந்து அடுத்த தலைமுறைத் தொழிலாளராக வேண்டும். உற்பத்தி முறை மாறியது; உழைப்பாளரின் வாழ்வு முறையும் மாறியது. மாறாமல் நின்றது இருப்பிடம் ஒன்றே. பருவத்துக்கு வந்து போகிறவனுக்கென அமைத்த கொட்டிலின் வடிவம், நிரந்தரமாகத் தங்குகிறவனின் தலைமேல் நிரந்தரமாயிற்று. புல்லுக்குப் பதில் தகரம் வந்தது, மண்ணுக்குப் பதில் கல் வந்தது. வரிசை வரிசையாகவே இருந்தது.

காம்பரா ஒன்று பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாயின் பின்புறச் சன்னலுக்கும் வழியில்லை. முன்னே சொன்ன மங்கோலியக் கூடாரத்தின் தரைப்பரப்பில் ஏறத்தாழப் பாதி அளவே இது. அங்கே அடுப்புக்கு நேர்மேலே புகைபோக வட்டத் திறப்பு உண்டு. இங்கே காம்பராவின் மூலையில் எரியும் அடுப்பின் புகை, தகரத்தில் மோதித் திரும்பி உறங்கும் குழந்தையின்மேல் இறங்கும். அங்கே மகனுக்கு மணமானால் புதுக் கூடாரம். இங்கே மகனுக்கு மணமானால் காம்பராவின் குறுக்கே ஒரு பழஞ்சேலை.

இதனை அறியாமையால் விளைந்த குறை என்று யாரும் கருதவேண்டா. சுவரைப் பொதுவாக்கினால் செலவு குறையும். பயிருக்கு உதவாத சரிவில் லயத்தை வைத்தால் நிலம் மிஞ்சும். எல்லோரும் ஒரே வரிசையில் இருந்தால் அதிகாலையில் பெரட்டுக்கு எழுப்புவதும் எளிது. யார் வேலைக்கு வரவில்லை, யார் வீட்டுக்கு அயலான் வந்து போகிறான் என்று கங்காணி பார்ப்பதும் எளிது. ஒரு காம்பராவில் தீப்பற்றினால் வரிசை முழுவதும் எரியும் என்பது இக்கணக்கில் சேரவில்லை. கூடாரத்தின் வடிவத்தை வாழ்வோரின் தேவை தீர்மானித்தது. லயத்தின் வடிவத்தை அதில் வாழாதோரின் இலாபம் தீர்மானித்தது.

எனினும் மக்கள் சும்மா இருக்கவில்லை. இஸ்தோப்பை அடைத்து அறையாக்கினார்கள். பின்னால் குசினி இறக்கினார்கள். பீலிக்கரையில் வாழையும் மல்லிகையும் நட்டார்கள். மண்தரையைச் சாணமிட்டு மெழுகிக் கோலமிட்டார்கள். ஆனால் நாடோடி ஒரு தட்டியைச் சேர்த்து வட்டத்தை விரிக்க எவரையும் கேட்கவேண்டியதில்லை. லயத்துக்காரன் நாலு தகரம் போடத் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும்.

3. வீட்டிலிருப்பதே குற்றம்

காம்பரா கூலியின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. வேலை உள்ளவரை காம்பரா. வேலை போனால் காம்பராவும் போகும். கங்காணியிடம் பட்ட கடனோடு தொழிலாளியைக் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921-ல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் வீட்டையும் வேலையையும் ஒன்றாகப் பிணைத்த முடிச்சு அவிழவில்லை.

அம்முடிச்சு எவ்வளவு கொடியது என்பதைச் சபரகமுவா மண்ணே நாட்டுக்கு உணர்த்தியது. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்னும் தோட்டம். மலையக வரலாற்றில் உருளவள்ளிப் போராட்டம் என்று பெயர்பெற்றது அங்கு நிகழ்ந்ததே. நாற்பதுகளில் அரசு அத்தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்தது. சிங்களக் குடியானவரின் நிலப்பசி பொய்யன்று. 1840-லும் 1897-லும் வெள்ளையர் சட்டங்கள் அவர்களிடமிருந்து பறித்ததன் விளைவு அது. ஆனால் பறித்தவரிடமிருந்து அதனை மீட்பதற்குப் பதிலாக, அதே மண்ணில் உழைத்துத் தேய்ந்த இன்னொரு ஏழையை வெளியேற்றி அப்பசியைத் தணிக்க முனைந்தனர் ஆட்சியாளர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946-ல் அவர்களுக்கு ஆதரவாகப் பல தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது.

வெளியேற மறுத்தோர்மேல் சாட்டிய குற்றம் எது? அத்துமீறி நுழைந்திருத்தல். தான் பிறந்த காம்பராவில், தன் தாய் இறந்த காம்பராவில் இருப்பது அத்துமீறலாம். அவர்களுள் ஒரு தொழிலாளியின் வழக்கு நீதிமன்றப் படிகள் ஒவ்வொன்றாக ஏறி இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1950-ல் அங்கு வழங்கப்பட்ட தீர்ப்பின் சாரம் இது: வாழ்நாளெல்லாம் வாழ்ந்த இடத்தில், வேறு போக்கிடமின்றித் தங்கியிருந்தவன் பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கோடு இருந்தான் எனக் கொள்ளல் தகாது, சிவில் உரிமையை நிலைநாட்டுவதற்கு மலிவான குறுக்குவழியாகக் குற்றவியற் சட்டத்தைப் பயன்படுத்தலும் தகாது. இத்தீர்ப்பு பின்னர் பல நாடுகளின் நீதிமன்றங்களில் மேற்கோளாயிற்று. கேகாலை லயமொன்றின் சுவருக்குள் எழுந்த கேள்வி சட்ட நூல்களில் இடம்பெற்றது. ஆயினும் அது தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்துதான் விடுவித்தது. காம்பரா அவனுடையது என்று அது சொல்லவில்லை. சொல்வதற்குச் சட்டமே இருக்கவில்லை.

அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே அதைவிடப் பெரிய வெளியேற்ற அறிவித்தல் வந்துவிட்டது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949-ஆம் ஆண்டுச் சட்டங்களும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கி வாக்குரிமையையும் பறித்தன. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர். அப்பின்னரும் 1974-ல் வந்தது; சரிபாதியாகப் பிரித்தனர். மந்தையைப் பங்கிடும் ஆயனும் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கத் தயங்குவான். இங்கே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்தனர்.

தலைமன்னாரில் கப்பலேறியவர்களுக்கு அக்கரையில் வாய்த்தது என்ன? நீலகிரியில் 1968-ல் அவர்களுக்கெனத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், கர்நாடகத்தின் சுள்ளியா வட்டார இறப்பர்த் தோட்டங்களிலும் பலர் குடியேறினர். அங்கும் வேலையோடு கட்டிய குடியிருப்பு. வேலை போனால் அதுவும் போகும். லயம் அவர்களுக்கு முன்பே கடல் தாண்டிப் போய்க் காத்திருந்தது.

இங்கு எஞ்சியோருக்கும் அமைதி வாய்க்கவில்லை. நுவரெலியா மாவட்டத்தைப்போல் சபரகமுவாவின் தோட்டங்கள் தொடர்ந்து கிடப்பவையல்ல. கிராமங்களுக்கிடையில் சிதறிய சிறு லயங்கள் இவை. 1977 ஆகஸ்டில் வன்செயல் பரவியபோதும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் தீ மூண்டபோதும், அத்தனிமையே அவற்றின் சாபமாயிற்று. அயற்கிராமத்துச் சிங்கள மக்கள் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த குடும்பங்களும் உண்டு. ஏழை ஏழையை அறிந்துகொண்ட தருணங்கள் அவை. ஆயினும் பலர் கையிற் கிடைத்ததை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை நோக்கிப் போயினர். அங்கே மீண்டும் குடிசை. போர் வந்தபோது மீண்டும் மூட்டை. நாடோடி என்று யாரைச் சொல்வது? மங்கோலிய ஆயன் தன் வீட்டோடு இடம்பெயர்ந்தான். இவர்கள் வீடின்றி இடம்பெயர்ந்தனர். அவன் புல் இருக்குமிடம் நோக்கிப் போனான். இவர்கள் நெருப்பு இல்லாத இடம் நோக்கி ஓடினர்.

4. ஏழு பேர்ச்சஸ்

1972-லும் 1975-லும் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992-ல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. உரிமையாளர் மாறினர், லயம் மாறவில்லை. 1988-லும் 2003-லும் வந்த சட்டங்கள் நாடற்ற நிலையை நீக்கின. குடியுரிமை கிடைத்தது, குடியிருக்கும் இடத்தில் உரிமை கிடைக்கவில்லை. உள்ளூராட்சி வரி கூட எட்டாத நிலை நெடுங்காலம் நீடித்தது: 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணிபுரியத் தடையாக நின்றது. அத்தடை நீங்கியது 2018-ல்.

பயிருக்கு உதவாத சரிவில் லயங்களை வைத்ததன் விலையையும் மக்களே கொடுத்தனர். 2014 அக்டோபர் 29-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள்மேல் மலை சரிந்தது. 2016 மே மாதத்துப் பெருமழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கையில் கிராமங்களும், புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமும் ஒரே நாட்களில் மண்ணுள் புதைந்தன. சிங்களக் கிராமத்தானுக்கும் தமிழ்த் தோட்டத்தானுக்கும் மலை வேறுபாடு காட்டவில்லை. கூடாரவாசி காற்றும் பனியும் திசைமாறினால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போகலாம். லயத்துவாசி மழையிரவுகளில் சுவரின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறான்.

அண்மைக் காலத்தில் தனிவீடுகள் எழத் தொடங்கியிருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனிவீடு ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்பது வழங்கும் அளவாயிற்று. இதனை நாம் வரவேற்கிறோம்; ஒட்டிய சுவரிலிருந்து விடுபடுவது சிறிய செய்தியன்று. ஆயினும் வரவேற்போடு நின்றுவிடலாகாது. ‘நாடோடிகள்’ நாடான மங்கோலியா, 2003-ல் நடைமுறைக்கு வந்த நிலச்சட்டத்தின்வழித் தன் குடிமக்களுக்கு நிலம் வழங்கத் தொடங்கியது. தலைநகர் உலான்பாட்டரில் அதற்கு வகுத்த அளவு 700 சதுரமீட்டர்வரை. நம் கணக்கில் அது ஏறத்தாழ 28 பேர்ச்சஸ். ஏழின் நான்கு மடங்கு. மந்தையிழந்து நகரத்துக்கு வந்த ஆயன் அந்நிலத்தில் வேலியிட்டுத் தன் கெரை நிறுத்துகிறான். அங்கும் குழாய்நீரில்லை, குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை மூச்சை அடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் நின்று உரிமை கேட்க அவன் காலுக்குக் கீழே அவனுடைய மண் இருக்கிறது.

திபெத்திய மேட்டுநிலம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. 2003 முதல் சீன அரசு, புல்வெளியைக் காக்கும் திட்டத்தின் பெயரால், ஆயர்களிற் பலரைக் கறுப்புக் கூடாரங்களிலிருந்து வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு மாற்றியது. சுவர் உறுதியானது, மின்விளக்கும் உண்டு. ஆனால் மந்தையை விற்றுவிட்டு வந்தவருட் பலருக்கு அங்கே தொழிலில்லை. கூடாரமாக இருந்தபோது வீட்டைச் சூழ்ந்து வாழ்வு இருந்தது. வரிசை வீட்டைச் சூழ்ந்து காத்திருப்பே மிஞ்சியது. எந்தக் கொள்கையின் பெயரால் வந்தாலும், வாழ்வோரைக் கேளாது மேலிருந்து இறக்கும் கூரை லயத்தின் குணத்தையே கொண்டிருக்கும். நம் மலைகளில் கட்டப்படும் வீடுகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வீடு தந்துவிட்டு வேலையைக் குறைத்தால், காணி தந்துவிட்டு உறுதியைப் பூட்டிவைத்தால், பெயர்தான் மாறும்.

ஆகவே கேட்கவேண்டியது கூரை மட்டுமன்று. எவரும் திரும்பப் பெறமுடியாத காணி உறுதி வேண்டும். பால் வெட்டியும் கொழுந்தெடுத்தும் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணின் பெயர் அவ்வுறுதியில் இருக்கவேண்டும். தோட்டக் கந்தோருக்குப் போய்த் திரும்பாமல் கடிதம் நேரே வந்துசேரும் முகவரி வேண்டும். மலை சரியாத நிலம் வேண்டும். காய்கறி நடவும் மாடு கட்டவும் போதிய பரப்பு வேண்டும். வேலை போனாலும் வீடு போகாத சட்டம் வேண்டும். நிலமற்ற சிங்களக் குடியானவரும் இதே கோரிக்கையோடு நம் அருகில் நிற்கவேண்டியவர். நேவ்ஸ்மயரில் ஆட்சியாளர் எதிரெதிரே நிறுத்திய இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கும் நாளில்தான் இது கைகூடும்.

‘விடு’ என்னும் வேரிலிருந்து பிறந்தது ‘வீடு’ என்னும் சொல். அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்காவதாக எண்ணுகையில் அதற்கு விடுதலை என்பது பொருள். தமிழாசிரியனாகிய நான் இதனைப் பலமுறை வகுப்பில் கூறியிருக்கிறேன். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கும் விடுதலைக்கும் உள்ள தொடர்பை எனக்கு விளக்கியவள் பின்வரிசை மாணவியே.

அடுத்த ஆண்டு அதே பாடம் வரும். மங்கோலிய ஆயர் தம் கையால் அமைத்த, தமக்கே உரிய, தாம் விரும்பியபடி விரிக்கவும் பெயர்க்கவும் கூடிய வீடுகளில் வாழும் மக்கள் என்று அப்போது சொல்வேன். அதற்கு அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்பதை அறிவேன். “அப்ப நம்ம காம்பரா யாருக்குச் சொந்தம் சேர்?” அக்கேள்விக்கு வகுப்பறைக்குள் விடை இல்லை. அதனை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசெல்வது ஆசிரியர்களாகிய நம் கடமை.